ஊசி காட்டிய இடம்

18-ஆம் நூற்றாண்டில் நமது புதுச்சேரிக் கைத்தொழிலாளர் பலரைப் பிரெஞ்சுக்காரர் கப்பலேற்றி மோரீஸ் தீவுக்குக் கொண்டு சென்றனர். போர்ட் லூயி நகரம் எழும்பியதில் அவர்கள் உழைப்பும் கலந்திருக்கிறது. அந்நகரில் 1817-இல் பிறந்தவர் பிரௌன்-செக்கார். அமெரிக்க மாலுமியான தகப்பனார், மகன் முகம் காணுமுன்பே கடலில் மறைந்தார். விதவைத் தாய் தையல் வேலை செய்து பிள்ளையை வளர்த்தாள்.

முதுகெலும்பினுள் ஓடும் நரம்புத் தண்டில் நோய் எங்கே இருக்கிறதென்று அறிவது எப்படி? எக்ஸ்ரே இல்லாத காலம் அது. பாரிஸில் வைத்தியம் கற்ற பிரௌன்-செக்கார், பிராணிகளின் தண்டில் ஒரு பாதியை மட்டும் அறுத்துப் பார்த்தார். (அவ்வாயில்லா ஜீவன்கள் பட்ட பாட்டை நினைக்க மனம் கூசத்தான் செய்கிறது.) அறுத்த பக்கத்துக் கால் அசைவற்றது, வலியுணர்ச்சி அற்றதோ மறுபக்கத்துக் காலில்! அசைவுக்குரிய நரம்பிழைகள் மூளையின் அடியிலேயே பக்கம் மாறி இறங்குகின்றன. வலியும் சூடும் உணர்த்துபவை தண்டில் புகுந்த சிறிது தூரத்திலேயே எதிர்ப்பக்கம் தாண்டிவிடுகின்றன. ஆகவே வலக்கால் செயலற்று, இடக்காலில் ஊசி குத்தியும் வலிக்காவிட்டால், பழுது தண்டின் வலப்பாதியில் என்று கொள்ளலாம். ஊசியை மேலே நகர்த்த நகர்த்த, வலி எங்கே மீள்கிறதோ அதற்குச் சற்று மேலே நோயின் இருப்பிடம்.

1887-இல் லண்டனில் கவர்ஸ் என்னும் வைத்தியர், நோயாளியின் உடற்குறிகளைக் கொண்டே ஓர் இராணுவ அதிகாரியின் தண்டில் கட்டி உள்ள இடத்தைக் கணித்துச் சொன்னார். ஹார்ஸ்லி கத்தி எடுத்தார். திறந்த இடத்தில் ஒன்றுமில்லை! இன்னும் சற்று மேலே எலும்பை அகற்றினார், கட்டி அகப்பட்டது. நடையிழந்து கிடந்த அவ்வதிகாரி மறுபடி எழுந்து நடந்தார்.