பாலைநிலத்திற் பாவிய கற்றளம்

தரையிற் பாவிய கல்லின் நிறத்தையும் வடிவையும் நாம் வியக்கின்றோம். அதனைத் தாங்கி நிற்கும் மண்ணையோ நினைப்பதில்லை. ஆயினும் முற்றமும் வண்டிப்பாதையும் நெடுநாள் நிலைப்பது அம்மண்ணைப் பொறுத்ததேயாம். அமெரிக்காவில் அரிசோனா மாகாணத்துப் பாலைநிலத்திலுள்ள பீனிக்ஸ் நகரை இதற்கு உதாரணமாகக் கொள்வோம்.

அந்நகரில் 2023-ஆம் ஆண்டுக் கோடையில் தொடர்ந்து 31 நாட்கள் பகல் வெப்பம் 110 பாரன்ஹீட் பாகைக்குக் குறையவில்லை. ஆண்டு மழையோ ஏறக்குறைய 7 அங்குலமே. ஆதலால் வெயிலே கற்றளத்திற்குப் பகையென நாம் எண்ணுதல் இயல்பு. உண்மை அதுவன்று. கற்களினிடையே மணல் நிரம்பிய சந்துகள் இருத்தலால், வெப்பத்தால் அவை சிறிது விரியினும் தீங்கில்லை. கேடு விளைப்பது அரிதாய் வரும் மழையே. கோடைப் புயலில் அது சிறிது நேரத்திற் பெருவெள்ளமாய்ப் பாய்கின்றது. அந்நிலத்திற் பல இடங்களில் காலீச்சே என்னும் சுண்ணாம்பு இறுகிய மண்படை இருத்தலின் நீர் எளிதிற் கீழிறங்குவதில்லை. தேங்கி அடிமணலை அரிக்கின்றது. களிமண்ணாயின் நனைந்து பருத்தும், காய்ந்து சுருங்கியும் தளத்தைக் குலைக்கின்றது.

இதனைத் தடுக்கும் முறை யாது? முதலாவது, தோண்டிய நிலத்தை அளவாய் நனைத்துத் திமிசுபோட்டு இறுக்கவேண்டும்; உலர்ந்த புழுதி இறுகுவதில்லை. அதன்மேல் பொடியுங் கலந்த உடைகல்லை, முற்றத்திற்கு 4 அங்குலமும் வண்டிப்பாதைக்கு 6 அங்குலத்திற்குக் குறையாமலும், படிப்படியாகப் பரப்பி இறுக்குதல் வேண்டும். பின்னர் 1 அங்குல மணல் போதும். பள்ளத்தை மணலால் நிரப்பிச் சமன்செய்வோர் பின்னர் வருந்துவர். தடித்த மணற்படுகை சுமையால் அமுங்கும்.

கல்லின் கனம், நடப்பதற்கு 60 மில்லிமீட்டரும் வண்டிக்கு 80 மில்லிமீட்டரும் தகும். வண்டிப்பாதையில் மீன்முள்போல் குறுக்கும் நெடுக்குமாய்ப் பாவினால், சக்கரம் தள்ளும் விசையை அடுத்த கற்களும் பகிர்ந்துகொள்கின்றன. ஓரங்களில் உறுதியான அணை இல்லையேல் வரிசை மெல்ல விலகும். தளம் அடிக்குக் கால் அங்குலம் வீதம், வீட்டினின்று விலகிச் சரிதல் நன்று. சந்துகளில் மணல் குறைந்தவிடத்து, மழைக்காலம் கழிந்தபின் மீண்டும் நிரப்பவேண்டும்.

இவ்விதம் அமைத்த தளத்தில் ஓரிடம் தாழ்ந்தாலும், அவ்விடத்துக் கற்களை மட்டும் எடுத்து, அடிப்படையைத் திருத்தி, அவற்றையே மீண்டும் பதிக்கலாம். மேலே காணுங் கல்லிற்குப் பொருளைச் செலவிட்டுக் கீழே காணாத வேலையிற் சிக்கனம் பிடிப்போர், ஒரு தளத்திற்கு இருமுறை செலவு செய்ய நேரும்.