ஓடாத கார்களின் கணக்கு

திண்டிவனத்தில் பாண்டிச்சேரிக்கும் விழுப்புரத்துக்கும் சாலை பிரியும் இடத்தில் சற்று நேரம் நின்றால், ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் பிறந்த புதுக் கார்களை இரண்டு அடுக்காகச் சுமந்து தெற்கே போகும் டிரெய்லர் லாரிகளைக் காணலாம். கார் உற்பத்தியில் இவ்வளவு தேர்ச்சி பெற்று, சோழவரம் விமானத் தளத்தில் பந்தயம் பார்த்துப் பழகி, 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தர ஓடுதளமும் கண்டுவிட்ட நம் ராஜ்யத்தில், சர்வதேச ஸ்போர்ட்ஸ் கார் பந்தயத் தொடர் ஒன்றை நிலைநிறுத்துவது மட்டும் ஏன் இத்தனை பிரயாசையாக இருக்கிறது என்று கேட்டால், தேதியும் கடனுமே அதற்குக் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

நம் நகரங்களின் பெயரைத் தாங்கிய அணிகள், பார்முலா ஒன்னில் பெயர்பெற்று ஓய்ந்த மேனாட்டு ஓட்டுநர்கள் என்று 2011இல் ஆரவாரமாக விளம்பரம் செய்யப்பட்ட 'ஐ1 சூப்பர் சீரிஸ்', 2012 ஜனவரியில் ஆரம்பமாவதாக இருந்து, மறு வருஷத்துக்குத் தள்ளிப்போய், ஒரு பந்தயமும் நடக்காமலே மறைந்தது. இந்த வியாபாரத்தில் கார், டயர், கப்பல் கூலி, சுங்கப் பிணை, இன்ஷூரன்ஸ், ஓடுதள வாடகை ஆகிய செலவெல்லாம் முதல் கொடி அசைவதற்கு முன்பே கைவிட்டுப் போய்விட, விளம்பரதாரரின் பணமோ கூட்டம் வந்ததைக் கண்ணால் கண்ட பிறகே அசைந்து வருகிறது. மயிலம் பங்குனி உத்திரத்துக்குக் கடை போடுகிறவர் சரக்கைக் கடனாகக் கேட்பதும், மண்டிக்காரர் தயங்காமல் கொடுப்பதும், தேர் அன்றைக்கு ஓடியே தீரும் என்று இருவருக்கும் தெரிந்திருப்பதால்தான். முதல் வருஷத் தொடருக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஓடி ஜயித்த தொடருக்கும் சங்கடம் உண்டு. நாடுகளின் பெயரால் அணிகள் மோதிய ஏ1 கிராண்ட் பிரீயில், கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன் 2007 டிசம்பரில் சீனாவின் ஜுஹாயில் இந்திய அணிக்கு வெற்றி தேடித்தந்தார். 2009 அக்டோபரிலோ, நிர்வாகக் கம்பெனி கடனில் மூழ்கியதால் கார்கள் இங்கிலாந்திலேயே முடங்கிக் கிடக்க, ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்டில் நடக்கவேண்டிய முதல் பந்தயமே ரத்தாயிற்று.

இத்தாலிய வுல்ஃப் கார்களை வைத்து 2022இல் தொடங்கிய இந்தியன் ரேசிங் லீக், சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டர் வீதியில், 2023 டிசம்பர் 9, 10 தேதிகளில் இரவுப் பந்தயம் நடத்த உத்தேசித்திருந்தது. அதற்குச் சில நாள் முன்னே மிக்ஜாம் புயல் நகரத்தையே வெள்ளக்காடாக்கிற்று. வீதிப் பந்தயம் என்றால் தார் போடுவதோடு காரியம் முடிந்துவிடாது. வேகத்தில் போகும் காரின் அடியில் காற்றழுத்தம் குறைவதால் பாதாளச் சாக்கடை மூடிகூட மேலே கிளம்பிவிடும் என்று ஒவ்வொன்றையும் அசையாமல் பூட்ட வேண்டும். லாஸ் வேகஸில் 2023 நவம்பரில் ஒரே ஒரு தண்ணீர் வால்வு மூடி சரியாக நில்லாததால், முதல் பயிற்சி எட்டே நிமிஷத்தில் நின்றுபோயிற்று! சென்னைப் பந்தயம் 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளுக்கு நகர்ந்தது. அப்போதும் மழை குறுக்கிட்டு, சர்வதேச மோட்டார் சம்மேளனத்தின் பாதுகாப்புச் சான்று தாமதமாகவே முதல் நாள் நிகழ்ச்சிகள் சுருங்கின. வீதிகளைச் செப்பனிடச் சர்க்கார் பணத்தைச் செலவிடலாமா என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. அந்தக் கேள்வி நியாயமானதே.

டில்லி அருகே புத் ஓடுதளத்தில் 2011 முதல் 2013 வரை மூன்று பார்முலா ஒன் பந்தயங்களோடு அத்தியாயம் முடிந்ததற்கு வரித் தகராறும் ஒரு காரணம். 2017 ஏப்ரலில்தான் உச்ச நீதிமன்றம், அந்த ஓடுதளமே பார்முலா ஒன்னை நடத்தும் அயல்நாட்டுக் கம்பெனியின் நிரந்தர ஸ்தாபனமாகும் என்றும், அதன் வருமானத்துக்கு இங்கே வரி உண்டு என்றும் தீர்ப்பளித்தது. பந்தயம் ஓய்ந்து மூன்றரை வருஷம் கழித்துத் தெளிவாகும் வரியை முதலாண்டு வரவு செலவில் எந்தப் பத்தியில் எழுதுவது?

தொடர் நடத்த விரும்புகிறவர்கள் டிசம்பரை விட்டு விலகி, ஐந்து வருஷத்துக்கு ஒரே வாரத்தை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவது நல்லது. 2024இல் ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் மயிலத்தில் சுமார் அரை மீட்டர் மழையைக் கொட்டி விழுப்புரம் ஜில்லாவையே மூழ்கடித்ததும் டிசம்பர் முதல் தேதியை ஒட்டித்தான்.