பரீட்சையும் ஆமைக் குஞ்சும்

மே மாதம் பிறந்துவிட்டால் தமிழ்நாட்டில் வெயிலோடு கூட இன்னொரு சூடும் ஏறத் தொடங்கிவிடுகிறது. மாம்பழம் வந்துவிட்டதா என்று விசாரிப்பதற்கு முன்பே "ரிஸல்ட் எப்போது?" என்று விசாரிக்கிறார்கள். உபாத்தியாயர்களாகிய நமக்கு இந்த நாட்களில் தெருவில் நடப்பதே கொஞ்சம் கஷ்டம். எதிரே வருகிறவர்கள் எல்லாரும், நாம் ஏதோ விடைத்தாள்களை மடியில் கட்டிக்கொண்டு திரிவது போலப் பார்க்கிறார்கள்.

நாம் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிய 1990-களில், முடிவுகள் மாலைப் பத்திரிகையில் எண் எண்ணாக அச்சாகி வரும். தெருவுக்கு ஒரு பிரதி. அதைச் சுற்றி இருபது தலைகள். எண் இருந்தால் தேறினான், இல்லையென்றால் இல்லை. அந்தப் பொடி எழுத்துப் பட்டியலில் ஒரு தயவு இருந்தது. யாருக்கு எத்தனை மார்க் என்பதை அது ஊருக்குச் சொல்லாது. இன்றைக்கோ கைப்பேசியில் ஒரு மணி அடிக்கிறது. பாடவாரியாக எல்லாம் வந்து விழுந்துவிடுகிறது. அடுத்த ஐந்து நிமிஷத்தில் கோயம்புத்தூரில் இருக்கும் அத்தைக்கும் தெரிந்துவிடுகிறது. முதலிடம், இரண்டாமிடம் என்று மாநிலம் முழுவதற்கும் பெயர் அறிவிக்கும் வழக்கத்தை 2017-ஆம் ஆண்டில் அரசாங்கம் நிறுத்தியது. மிகவும் நல்ல காரியம். ஆனால் பள்ளிக்கூட வாசல்களில் சிரித்த முகங்களோடு பதாகைகள் எழும்புவது நின்றபாடில்லை.

2025-ஆம் ஆண்டு மே மாதம் 16-ஆம் தேதி வெளியான பத்தாம் வகுப்பு முடிவுகளில் நூற்றுக்கு 93.80 பேர் தேறியிருந்தார்கள். சந்தோஷப்பட வேண்டிய கணக்குத்தான். ஆனால் எழுதியவர்கள் 8,71,000-க்கு மேல் என்பதை ஞாபகத்தில் வைத்துக் கொண்டால், தேறாதவர்களும் ஏறக்குறைய 54,000 பேர் என்று தெரியவரும். நிறையப் பேர் தவறுகிற பரீட்சையில் தவறுவதற்குத் துணை உண்டு. எல்லாரும் தேறுகிற பரீட்சையில் தவறுகிற பிள்ளைக்குத் துணை கிடையாது. வகுப்பில் அவன் ஒருவனாக நிற்கிறான்.

அப்படி நின்றவர்களில் ஒருவன் நம்முடைய மாணவன். திருவான்மியூர்ப் பக்கத்துப் பையன். பெயர் வேண்டாம். தகப்பனார் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். பாட்டனாரும் அந்நாளில் மளிகை மண்டியில் கணக்குப் பிள்ளையாக இருந்தவர். இரண்டு தலைமுறையாகக் கணக்கினால் ஜீவனம் செய்த குடும்பத்தில், இவனுக்குக் கணக்கில் 31 மார்க் வந்தது. தேறுவதற்கு 35 வேண்டும்.

இந்தப் பையனுடைய கோடை, மார்க்கில் ஆரம்பிக்கவில்லை, ஆமையில் ஆரம்பித்தது. அதைச் சற்று விவரமாகச் சொல்ல வேண்டும்.

சென்னைக் கடற்கரைக்கு ஆண்டுதோறும் தை மாதத்திலிருந்து ஒரு விருந்தாளி வருவது நேயர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பங்குனி ஆமை என்றும் சிற்றாமை என்றும் இதைச் சொல்லுவார்கள். பெண் ஆமை நள்ளிரவில் கரையேறி, பின்னங்கால்களால் மணலில் குடம் போன்ற ஒரு குழி பறித்து, நூறு நூற்றிருபது முட்டைகளை இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடுகிறது. பிறகு அது தன் குழந்தைகளைத் திரும்பிப் பார்ப்பதில்லை. (பரீட்சைக் கவலை இல்லாத தாய் என்று நாம் நினைத்துக் கொள்வதுண்டு.) 45 நாட்களுக்குப் பிறகு குஞ்சுகள் தாமாகவே மணலைத் துளைத்துக்கொண்டு வெளிவருகின்றன. எங்கே வெளிச்சம் அதிகமோ அந்தத் திசையில் ஓடுவது அவற்றின் சுபாவம். ஆதி நாட்களில் இரவில் வெளிச்சமான திசை கடல்தான். இப்போது சென்னையில் கடலைவிடத் தெருவிளக்குகள் பிரகாசமாக எரிகின்றன. குஞ்சுகள் ஊருக்குள் ஓடி, சக்கரத்திலோ நாயின் வாயிலோ முடிகின்றன.

1970-களின் தொடக்கத்தில் பாம்புப் பண்ணையைச் சேர்ந்த சில இளைஞர்கள் இந்தக் கரையோரம் இரவில் நடந்து முட்டைகளைக் காப்பாற்றத் தொடங்கினார்கள். 1988 முதல் கல்லூரி மாணவர்கள் தாங்களே ஒரு இணையம் சேர்த்துக்கொண்டு இந்த வேலையை நடத்தி வருகிறார்கள். நள்ளிரவில் நீலாங்கரையில் புறப்பட்டு, பெஸன்ட் நகர் வரையில் ஏழு கிலோமீட்டர் மணலில் நடை. ஆமை ஏறிய தடத்தைக் கண்டதும் குழியைத் தேடி, முட்டைகளைப் புரட்டாமல் எடுத்து, துணிப்பையில் வைத்துக்கொண்டு போய், வேலி போட்ட பொரிப்பகத்தில் அதே ஆழத்துக்கு ஒரு குழி வெட்டிப் புதைப்பார்கள். வனத் துறையாரும் பொரிப்பகங்கள் வைத்திருக்கிறார்கள். மணலின் சூடு அதிகமானால் குஞ்சுகள் பெரும்பாலும் பெண்ணாகவும், குறைந்தால் ஆணாகவும் பிறக்கும். மேலும் சூடு ஏறினால் முட்டையிலேயே மடியும். அதற்காக நிழற்பந்தல் போடுகிறார்கள்.

2025-ஆம் ஆண்டு ஜனவரியில் நடந்தது வேறு விதம். சென்னையிலும் அதை அடுத்த கரைகளிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமைக்கு நுரையீரல் உண்டு. மூச்சு விட அது மேலே வந்தாக வேண்டும். இழுவலையில் அகப்பட்டால் மூச்சு முட்டிச் சாகிறது. கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகுகள் இழுவலை போடக் கூடாது என்று விதி இருக்கிறது. விதி கரையில் இருக்கிறது. படகு கடலில் இருக்கிறது.

காலையில் கடற்கரையில் ஓடப் போன நம் பையன், ஒரே நாளில் பதினொரு ஆமைகளின் உடலைப் பார்த்துவிட்டு வந்தான். அன்றிரவே தானும் தொண்டர் குழாத்தில் சேர வேண்டும் என்று கேட்டான். பொதுப் பரீட்சை ஆண்டில் இப்படி ஒரு வேண்டுகோளுக்கு எந்த வீட்டில் என்ன பதில் வருமோ, அதே பதில் வந்தது. தாயார் நம்மிடமே வந்து, "ஸார், நீங்களாவது சொல்லுங்க. புஸ்தகத்தை எடுன்னா ஆமைங்கறான்" என்று முறையிட்டார். தகப்பனார் கணக்கர் அல்லவா? ஒரு பேரம் பேசினார்: பரீட்சை முடியும் வரை கடற்கரைப் பக்கம் தலைகாட்டக் கூடாது, முடிந்த மறுநாளிலிருந்து தடையில்லை, ஆனால் நள்ளிரவு நடை கிடையாது, மாலையில் குஞ்சு விடும் வேலை மட்டும். பையன் ஒப்புக்கொண்டான். சொன்னபடி நடந்தும் கொண்டான். ஏப்ரல் 15-ஆம் தேதி சமூக அறிவியலோடு பரீட்சை முடிந்தது. கிழக்குக் கரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்ததும் அன்றைக்கே. மறுநாள் மாலை அவன் பொரிப்பகத்தில் இருந்தான். தகப்பனார் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும், அதில் அவருடைய தொலைபேசி எண்ணும் உடன் சென்றன.

ஒரு மாத காலம் அவனுக்கு அங்கே இட்ட வேலை, நோட்டுப் புத்தகம் எழுதுவது. குழி எண், முட்டை வைத்த தேதி, முட்டைகள் எத்தனை, வெளிவந்த குஞ்சுகள் எத்தனை, பொரியாதவை எத்தனை என்று. ஒருநாள் அந்த நோட்டை நம்மிடம் காட்டினான். ஒரு குழியில் 112 முட்டைகளில் 87 குஞ்சுகள். ஓரத்தில் 77.68 என்று எழுதியிருந்தது. தானே போட்ட சதவீதம். சரியாகத்தான் இருந்தது.

பிறகு மே 16 வந்தது. காலையில் 31 என்று செய்தி வந்ததும் வீட்டில் யாரும் அதிகமாகத் திட்டவில்லை என்றே தகப்பனார் சொல்கிறார். ஆனால் வந்திருந்த மாமா ஒருவர், "கடற்கரையிலே ஆமை பொறுக்கினா இப்படித்தான்" என்றாராம். பரீட்சை முடிந்த பிறகுதான் ஆமை என்பதை அவர் யோசிக்கவில்லை. இத்தகைய மாமாக்கள் தேதி பார்த்துப் பேசுவதில்லை. பகல் சாப்பாட்டுக்குப் பையனைக் காணோம். கைப்பேசி மேஜை மேல் இருந்தது. நாலரை மணிக்கு அந்த அம்மாள் நம்மைக் கூப்பிட்டபோது, குரலிலேயே எல்லாம் தெரிந்தது.

அந்தப் பயத்தை வீண் பயம் என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். முடிவு வெளியாகும் நாட்களில் நம் மாநிலத்தில் பிள்ளைகளை இழந்த வீடுகள் இருக்கின்றன. 104 என்ற எண்ணிலும், 2022 முதல் 14416 என்ற எண்ணிலும், மனம் கலங்கிய பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் பொறுமையாகப் பேசுவதற்கு ஆட்கள் வைத்திருக்கிறார்கள். கட்டணம் கிடையாது. பஞ்சாங்கத்துக்குப் பக்கத்தில் இந்த எண்களையும் எழுதி வைப்பது நல்லது. மார்க் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் "சாப்பிட்டாயா?" என்று கேட்கும் வீட்டில், அவை பெரும்பாலும் தேவைப்படாமலும் போகலாம்.

ஆறு மணிக்குத் தகப்பனாருடைய கைப்பேசி ஒலித்தது. சம்மதக் கடிதத்தில் இருந்த எண்ணைத் தேடிப் பிடித்து, கல்லூரி மாணவர் ஒருவர் பேசினார்: "அங்கிள், தம்பி இங்கேதான் இருக்கான். மத்தியானத்திலிருந்து கூடை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கான். ஒண்ணும் சாப்பிடலைன்னு நினைக்கிறேன்." அவ்வளவுதான். ரிஸல்ட் என்ன என்று அந்த வாலிபர் பையனிடமும் கேட்கவில்லை, தகப்பனாரிடமும் கேட்கவில்லை. நாம் இத்தனை ஆண்டு உபாத்தியாயத் தொழிலில் கண்ட நல்ல நடத்தைகளில் இதை மேலான இடத்தில் வைக்கிறோம்.

அதற்குப் பின் நடந்ததைத் தகப்பனார் மறுநாள் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னார். "நாலு வார்த்தை கேக்கணும்னுதான் போனேன் ஸார். நான் கிட்டே போறத்துக்குள்ளே, 'அப்பா, அசையாம நில்லுங்க, காலடியிலே குஞ்சு இருக்கு'ன்னான். நின்னுட்டேன்." அன்று மாலை இரண்டு குழிகள் ஒன்றாகப் பொரிந்திருந்தன. ஆள் போதவில்லை. யாரோ அவர் கையில் ஒரு டார்ச் விளக்கைக் கொடுத்து, முழங்கால் தண்ணீரில் நின்று கரையை நோக்கிப் பிடிக்கச் சொன்னார்கள். ஊர் விளக்குகளுக்குப் போட்டியாக, குஞ்சுகளுக்குக் கடல் இந்தப் பக்கம் என்று காட்ட வேண்டும். ஆபீஸ் கால்சட்டையோடு ஒரு மணி நேரம் நின்றாராம். ஆயிரம் குஞ்சுகளில் ஒன்றுதான் வளர்ந்து பெரிய ஆமையாகும் என்று ஒரு பெண் அவருக்கு விளக்கியிருக்கிறாள். திரும்பும் வழியில் கையேந்தி பவனில் இருவரும் இட்லி சாப்பிட்டார்கள். 31-ஐப் பற்றிய பேச்சை எடுத்தவன் பையன்தான்.

தொண்டு செய்தால் கணக்கு வந்துவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. வராது. கணக்கு போட்டுத்தான் கணக்கு வரும். மேலும், பள்ளிப் பிள்ளைகளின் தொண்டு என்ற பெயரில் நடப்பதெல்லாம் தொண்டு என்றும் நாம் நம்பவில்லை. காந்தி நூற்றாண்டையொட்டி 1969-ல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் உத்தமமான யோசனை. ஆண்டுக்கு 120 மணி நேரம் சேவை என்பது அதன் ஏற்பாடு. ஆனால் சில இடங்களில் துடைப்பத்தோடு ஒரு படம் எடுத்து, சான்றிதழ் வாங்கி, குப்பையை அங்கேயே விட்டுவிட்டு வருவதையும் பார்த்திருக்கிறோம். கல்லூரி விண்ணப்பத்துக்காகச் சேவை தேடுகிற பெற்றோரும் இப்போது பெருகியிருக்கிறார்கள். பொரிப்பகத்தில் அந்த வித்தை செல்லாது. குஞ்சு படத்துக்காகக் காத்திருக்காது. நேரத்துக்கு ஆள் இல்லாவிட்டால் காகம் இருக்கிறது. "நீ வராவிட்டால் இந்த வேலை கெடும்" என்று ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையிடம் வேறு யார் சொல்கிறார்கள்? வீட்டிலும் பள்ளியிலும், அவன் வேலை கெட்டால் அவனுக்குத்தான் நஷ்டம் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

துணைத் தேர்வு ஜூலையில் இருந்தது. அதுவரை வாரத்தில் ஐந்து நாள் மாலை அவன் நம் வீட்டுக்கு வந்தான். சதவீதம் சரளமாக வந்தது. வடிவியலும் முக்கோணவியலும் முரண்டு பிடித்தன. தேற்றத்தைப் பார்த்தால் கொட்டாவி விடுவான். அவனுடைய நோட்டை வைத்துக்கொண்டு சராசரி, திட்ட விலக்கம், நிகழ்தகவு மூன்றையும் நடத்தினோம். மற்றதெல்லாம் பழைய முறைதான்: போடு, தப்பா, மறுபடி போடு.

46 வந்தது. பெரிய மார்க் இல்லை. பதினோராம் வகுப்பில் வணிகவியல் பிரிவில் இடம் கிடைக்க அது போதுமானதாக இருந்தது. தொலைபேசியில் இதைத் தெரிவித்த தகப்பனார் உடனே வைத்துவிடவில்லை. கொஞ்சம் தயங்கி, தை மாத நடைகளில் தம் வயதுக்காரர்களையும் சேர்த்துக்கொள்வார்களா என்று விசாரித்தார். வார இறுதி இரவுகளில் பொதுமக்களும் கூட நடக்கலாம் என்று சொன்னோம். ஏழு கிலோமீட்டர் மணல் என்பதையும், செருப்பைக் கழற்றிவிட்டு நடப்பதே சுகம் என்பதையும் சொல்லி வைத்தோம்.