ஹாமில்டன் சுத்து: படகு வாங்கின நண்பருக்கு

தீசிஸ் முடியுற வரைக்கும் பதிவு பக்கம் தலை வெச்சுப் படுக்கக் கூடாதுன்னு ஒரு சபதம் போட்டிருந்தேன். ஒரு போன் கால் அதை உடைச்சிடுச்சு. வடக்குத் தீவுல ஹாமில்டன்ல இருக்கிற நண்பர், ஆபீஸ்ல ரெண்டு பேரைக் கூட்டு சேர்த்துக்கிட்டு செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஜெட் படகு வாங்கியிருக்கார். சந்தோஷம். ஆனா போன் எடுத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "மச்சி, குவீன்ஸ்டவுன்ல ஒரு சுத்து சுத்துறானே, அதை எப்படிடா போடுறது?" அடுத்த வரி, "பையனுக்குக் காட்டணும்டா."

பையனுக்கு நாலு வயசு. நண்பருக்கு நீச்சல் தெரியாது.

போன்ல சொன்னா பாதி தான் ஏறும், அதனால இங்க எழுதறேன். நியூஸிலாந்து பக்கம் வந்தவங்கள்ல பலர் அந்தச் சிவப்புப் படகுல ஏறி, ஷாட்ஓவர் ஆத்துல பாறைக்குப் பக்கத்துல உரசுற மாதிரி போய், கத்திட்டு வந்திருப்பீங்க. உங்களுக்கும் இது உதவும்னு நினைக்கிறேன்.

முதல்ல கொஞ்சம் பழங்கதை. இந்தப் படகைப் புழக்கத்துக்குக் கொண்டு வந்தவர் பில் ஹாமில்டன். (நண்பர் இருக்கிற ஹாமில்டன் ஊருக்கும் இவருக்கும் சம்பந்தம் கிடையாது. அது வேற ஹாமில்டன், கடற்படைக் கேப்டன்.) தெற்குத் தீவுல மெக்கன்ஸி பகுதியில ஐரிஷ்மன் க்ரீக்னு ஒரு ஆட்டுப் பண்ணை வெச்சிருந்தார். அந்தப் பக்கத்து ஆறெல்லாம் பனிமலையில இருந்து வர்றது. பாக்க அகலமா இருக்கும், ஆனா கூழாங்கல் மேல பல பின்னலாப் பிரிஞ்சு ஓடும். பல இடத்துல முழங்கால் ஆழம் கூட இருக்காது. சாதாரண படகோட புரொப்பெல்லர் அங்க போனா கல்லுல அடிச்சு உடைஞ்சு போகும். அதனால தண்ணியை அடியில உறிஞ்சி பின்னாடி பீய்ச்சி அடிச்சா என்னன்னு 1950-கள்ல முயற்சி பண்ணினார். பீய்ச்சுற தண்ணியைப் படகுக்கு அடியில விடாம, நீர்மட்டத்துக்கு மேல பின்பக்கமா காத்துல விட்டப்ப தான் படகு நிஜமாவே பறக்க ஆரம்பிச்சது. 1960-ல அவரோட படகுகள் அமெரிக்காவுல கிராண்ட் கேன்யன் வழியா கொலராடோ ஆத்தை எதிர்த்து ஏறிப் போயிருக்கு. அவருக்கு 1974-ல சர் பட்டம் கொடுத்தாங்க. 1977-ல எட்மண்ட் ஹிலாரி கங்கையில கடல்ல இருந்து இமயமலை அடிவாரம் வரை ஏறிப் போனாரே, அதுவும் மூணு ஜெட் படகுல தான்.

இப்ப மேட்டருக்கு வருவோம். சுத்து போடத் தெரியணும்னா, படகு எதனால திரும்புதுன்னு தெரியணும்.

ஜெட் படகுக்குச் சுக்கான் கிடையாது. அடியில ஒரு கம்பி வலை, அது வழியா தண்ணி உள்ள போகும். உள்ள இருக்கிற இம்பெல்லர் அதை அழுத்தத்தோட பின்னாடி தள்ளும். பின்னாடி ஒரு நாசில். ஸ்டியரிங்கைத் திருப்பினா அந்த நாசில் இடமோ வலமோ திரும்பும், தண்ணி பீய்ச்சுற திசை மாறும், படகோட வால் எதிர்ப்பக்கம் தள்ளப்படும். அவ்வளவு தான். தண்ணிக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கிற பாகம்னு எதுவுமே இல்ல. வேகமாப் போறப்ப 10 சென்டிமீட்டர் தண்ணி இருந்தாலே தாண்டிடும்னு சொல்றது அதனால தான். படகு பக்கவாட்டுல வழுக்குறதும் அதே காரணத்தால தான். ஒகேனக்கல்ல பரிசல்காரர் துடுப்பை ஒரு பக்கமா போட்டு பரிசலைக் கரகரன்னு சுத்திக் காட்டுவாரே, ஞாபகம் இருக்கா? அடியில எதுவும் பிடிச்சு நிறுத்தலைன்னா எந்தப் படகும் சுத்தும். இங்க கூடவே ஒரு வி8 எஞ்சின் இருக்கு, அது தான் வித்தியாசம் :-)

இதுல ஒரு விஷயம் ஒளிஞ்சிருக்கு பாருங்க. நாசில்ல தண்ணி வந்தா தான் ஸ்டியரிங். த்ராட்டிலை விட்டுட்டீங்கன்னா தண்ணி இல்ல, தண்ணி இல்லைன்னா ஸ்டியரிங் இல்ல. சக்கரத்தை எந்தப் பக்கம் வேணா சுத்துங்க, படகு போன திசையிலயே போயிட்டிருக்கும்.

கார் ஓட்டிப் பழகின நமக்கு, பயம் வந்தா கால் தானா ஆக்ஸிலரேட்டர்ல இருந்து எழும்பும். படகுல அதைச் செஞ்சா, எந்தப் பாறையைப் பாத்து பயந்தீங்களோ அந்தப் பாறையை நோக்கியே நேராப் போவீங்க. விலகணும்னா த்ராட்டில் இருக்கணும்.

என் கூட வீட்டைப் பகிர்ந்துக்கிற கிவி பையனோட அப்பா, இருபது வருஷத்துக்கு மேல வைமக்கரீரி ஆத்துல சொந்தப் படகு ஓட்டுறவர். கிறைஸ்ட்சர்ச்சுக்கு வடக்கால ஓடுற ஆறு அது. போன கோடையில என்னைக் கூட்டிட்டுப் போனார். சுத்து கத்துக் குடுப்பார்னு ஆசையாப் போனா, முதல் ஒரு மணி நேரம் ஒரே பயிற்சி. ஆழமான, கரை தூரமா இருக்கிற இடத்துல மிதமான வேகத்துல போறது, வேணும்னே த்ராட்டிலை மூடுறது, ஸ்டியரிங்கைத் திருப்புறது, படகு திரும்பாததைப் பாக்குறது. அப்புறம் கொஞ்சமா த்ராட்டில் குடுத்து, வால் நகருறதைப் பாக்குறது. பத்து தடவை, பதினஞ்சு தடவை. எனக்கு போர் அடிச்சது. அவர் விடலை. மூளைக்குத் தெரிஞ்சா போதாது, கைக்குத் தெரியணும்னார். (மனுஷன் பேசுறதே கம்மி. அன்னிக்குப் பேசின நீளமான வாக்கியம் அது தான்.)

அப்புறம் சுத்து போட்டுக் காட்டினார். நான் பாத்த வரிசையிலேயே சொல்றேன். முதல்ல அந்த இடத்தை மெதுவா ஒரு தடவை கடந்து, தண்ணி நிறத்தையும் மேல்பரப்பையும் பாத்தார். மேல சுருக்கம் விழுந்து சலசலன்னு இருந்தா அடியில கல்லு கிட்ட இருக்கு. வழவழன்னு கரும்பச்சையா இருந்தா ஆழம். பின்னாடி வேற படகு வருதான்னு திரும்பிப் பாத்தார். அப்புறம் கையைத் தலைக்கு மேல தூக்கி விரலால ஒரு வட்டம் போட்டார். சுத்தப் போறேன், பிடிச்சுக்கோங்கன்னு அர்த்தம். எல்லாரும் கம்பியைப் பிடிச்சதைப் பாத்த அப்புறம் தான் சக்கரத்துல கை.

சுத்து நடக்கிறது ரெண்டு மூணு செகண்டுல. த்ராட்டில் இருக்கும் போதே ஸ்டியரிங்கை முழுசா ஒரு பக்கம் திருப்புறார், வால் வெளிய வீச ஆரம்பிக்குது. உடனே த்ராட்டிலை மூடுறார். தண்ணி மேல எழும்பி ஓடிட்டிருந்த படகு உக்காருது, மூக்கு தாழ்ந்து தண்ணியைக் கடிக்குது. மூக்கு அச்சு மாதிரி நிக்க, வேகத்துல இருந்த வால் அதைச் சுத்தி வருது. மூக்கு வேண்டிய பக்கம் வந்ததும் ஸ்டியரிங்கை நேராக்கி மறுபடி த்ராட்டில். இதுல த்ராட்டிலை மூடுறது திட்டத்தோட ஒரு பகுதி, பயத்துல மூடுறது இல்ல. மூடின அந்த நேரத்துல படகு உங்க கையில இல்ல, தண்ணி கையில இருக்கு. அதனால தான் இடத்தை முன்னாடியே பாக்கணும். வேகமும் நாம நினைக்கிற அளவு வேணாம். டாப் ஸ்பீடுல சக்கரத்தை ஒடிக்கிறது சினிமா வேலை.

எது தப்பாப் போகும்? முதல் எதிரி ஆழம் கம்மியான இடம். படகு பக்கவாட்டுல வழுக்குறப்ப, அடியும் பக்கமும் சேர்ற விளிம்பு ஒரு கல்லுலயோ மணல் திட்டுலயோ தட்டினா போதும். நடக்கிறவன் காலைத் தட்டி விட்ட மாதிரி குப்புறக் கவிழும். நேராப் போறதுக்கு 10 சென்டிமீட்டர் போதும்ங்கிறதை வெச்சு அதே தண்ணியில சுத்தவும் செய்யலாம்னு கணக்குப் போடுறவங்க தான் மாட்டுவாங்க.

அடுத்தது நுரை. சுத்தின இடம் முழுக்க காத்துக்குமிழி. பம்ப் தண்ணிக்குப் பதிலா காத்தை உறிஞ்சினா எஞ்சின் ஊளையிடும், தள்ளு விசை இருக்காது, ஸ்டியரிங்கும் இருக்காது. அதனால ஒரே இடத்துல அடுத்தடுத்து சுத்தக் கூடாது. கூடவே, நீங்க கிளப்பின அலை உங்களையே துரத்திட்டு வரும். சுத்தி முடிச்சு அசையாம நின்னு கை தட்டு வாங்கிட்டு இருந்தா, பின்பக்கமா ஏறி உள்ள கொட்டும்.

ரிவர்ஸ் போடறதுக்கு நாசிலுக்கு முன்னால ஒரு மூடி இறங்கும், பக்கெட்னு சொல்வாங்க. வேகமாப் போறப்ப அதை இறக்கி சடன் பிரேக் மாதிரி நிறுத்துற வீடியோ நிறைய சுத்துது. மூக்கு தண்ணிக்குள்ள குத்தும், உக்காந்திருக்கிறவங்க முன்னாடி பறப்பாங்க. மூக்குல திறந்த இருக்கை இருக்கிற படகுன்னா அங்க உக்காந்தவர் நேரா தண்ணியில, படகு அவர் மேல. சுத்தோ சடன் பிரேக்கோ, அந்த மூக்கு இருக்கையில யாரும் இருக்கக் கூடாது.

பின்பக்கத்தைப் பத்தியும் சொல்லணும். புரொப்பெல்லர் இல்லை, அதனால பாதுகாப்புன்னு ஒரு நினைப்பு இருக்கு. பாதி தான் உண்மை. நாசில்ல இருந்து வர்ற தண்ணியோட வேகம், பின்னாடி விழுந்தவரோட உடம்புத் துவாரங்கள் வழியா உள்ள போய் உள்ளுறுப்பைக் கிழிக்கிற அளவுக்கு இருக்கும். அடியில உறிஞ்சுற பக்கம் நீளமான முடி, துணி, கயிறு எதுவும் போகலாம். ஒருத்தர் தண்ணியில இருந்து ஏறணும்னா எஞ்சின் ஆஃப். நியூட்ரல் இல்ல, ஆஃப்.

ஓட்டுறவர் கையிலயோ ஜாக்கெட்லயோ மாட்டிக்கிற கில் ஸ்விட்ச் கயிறும் அப்படித்தான். அவர் தூக்கி எறியப்பட்டா எஞ்சின் நிக்கும். அமெரிக்காவுல 26 அடிக்குக் குறைவான மோட்டார் படகு வேகமாப் போறப்ப இதை மாட்டியே ஆகணும்னு 2021 ஏப்ரல்ல இருந்து சட்டம்.

தொழில்முறையா ஓட்டுறவங்களுக்கே இது கைமீறும். 2019 பிப்ரவரியில, ஷாட்ஓவர் ஆத்து ஸ்கிப்பர்ஸ் பள்ளத்தாக்குல ஒரு சுற்றுலா ஜெட் படகு பாறைச் சுவர்ல மோதி பயணிகள் காயம்பட்டாங்க. ஸ்டியரிங் பாகத்தைப் பிடிச்சிருந்த ஸ்டட் போல்ட்டுகள் உலோகக் களைப்புல முறிஞ்சு போச்சுன்னு விசாரணையில தெரிஞ்சது. ஓட்டுநர் எவ்வளவு கெட்டிக்காரரா இருந்து என்ன பண்ண? சுத்து போடப் போட நாசில் மேல விழுற பாரம் ஏறும். போல்ட் வெளிய பாக்க நல்லாத்தான் இருக்கும், உள்ள விரிசல் ஓடும்.

வியாபாரப் படகுக்காவது இங்க தனி விதி இருக்கு. ஆத்துல காசு வாங்கி ஜெட் படகு ஓட்டுறவருக்கு உரிமம் வேணும், நிறுவனத்துக்கு ஒப்புதல் பெற்ற பாதுகாப்புத் திட்டம் வேணும். சொந்தமா வாங்கி ஓட்டுறவருக்கு? லைசன்ஸே கிடையாது! 10 நாட்டுக்கு மேல போகக்கூடிய படகுன்னா 15 வயசு ஆகியிருக்கணும். கரையில இருந்து 200 மீட்டருக்குள்ளயும், இன்னொரு படகுல இருந்தோ நீந்துறவர்கிட்ட இருந்தோ 50 மீட்டருக்குள்ளயும் 5 நாட் தான் உச்சம். 200 மீட்டர் விதியை எந்த ஆத்துல எந்தப் பகுதியில தளர்த்தியிருக்காங்கன்னு வட்டாரக் கவுன்சில் விதியில பாக்கணும். அதாவது என் நண்பர் நாளைக்கே, ஒரு நாள் பயிற்சி கூட இல்லாம, பையனை ஏத்திக்கிட்டு வைகாடோ ஆத்துல இறங்கலாம். சட்டம் தடுக்காது. எனக்கு இது தான் உறுத்துது.

அதனால மச்சி, உனக்கு நேராவே சொல்றேன். முதல்ல படகு கிளப்புல சேரு. தெரிஞ்ச ஒருத்தர் பக்கத்துல இல்லாம முதல் சில மாசம் ஓட்டாத. த்ராட்டில் இல்லாம படகு திரும்பாதுங்கிறது உன் கைக்குப் பழகுற வரைக்கும் சுத்தைப் பத்திப் பேச்சே வேணாம். நீச்சல் வகுப்புக்குப் போ, லைஃப் ஜாக்கெட் அதுக்கு மாத்து இல்ல, ஆனா அதையும் எல்லாரும் எப்பவும் போட்டிருக்கணும், அளவு சரியா, கொக்கி மாட்டி. பையன் படகுல இருக்கிறப்ப சுத்து கிடையாது. சுற்றுலாப் படகுக்காரங்களே குழந்தையோட உயரம் பாத்துத்தான் ஏத்துறாங்க. அந்தக் கம்பியைப் பிடிச்சுக்கிற பலம் நாலு வயசுக் கைக்குக் கிடையாது. அவன் கரையில அம்மா மடியில உக்காந்து நீ சுத்துறதைப் பாக்கட்டும். அங்க இருந்து பாத்தா தான் முழு வட்டமும் தெரியும்.

இதை எழுதி அனுப்பினதுக்கு நேத்து பதில் வந்தது. "வாத்தியாரே, சுத்தைக் கேட்டா போல்ட்டைப் பத்திப் பேசுற"ன்னு கிண்டல். ஆனா படகு இப்ப மெக்கானிக் கடையில இருக்காம். நாசில் ஸ்டட் நாலையும் கழட்டிப் பாக்கச் சொல்லியிருக்காராம். நீச்சல் வகுப்புக்கு அப்பாவும் பையனும் ஒண்ணா பேர் குடுத்திருக்காங்க, செவ்வாய்க்கிழமை சாயங்காலம்.

டிஸ்கி: இந்தப் பதிவைப் படிச்சிட்டு மட்டும் யாரும் சுத்து போடக் கிளம்பாதீங்க. அனுபவஸ்தர் பக்கத்துல உக்காரணும். பயந்தவங்க, பாத்தவங்க, பின்னூட்டத்துல வந்து சொல்லுங்க.