கூட்டம் மாறினால் குதிரைக்கும் கவலை!

புதிய பள்ளியில் சேர்ந்த முதல் நாள் நினைவிருக்கிறதா? பக்கத்தில் யார் உட்காருவார்கள், மதியம் யாருடன் சாப்பிடுவது என்று மனம் படபடத்திருக்குமே! குதிரைகளுக்கும் அப்படித்தான்.

அமெரிக்காவின் வடக்கு கரோலினா கடலோரத்தில் ஷேக்கில்ஃபோர்டு பேங்க்ஸ் என்ற மணல் தீவு உள்ளது. நீளம் சுமார் 14 கி.மீ. 1899-ல் வீசிய பெரும்புயலுக்குப் பின் மக்கள் இங்கிருந்து வெளியேறிவிட்டார்கள். இப்போது நூற்றுக்கும் மேற்பட்ட குதிரைகள்தான் ராஜாக்கள்! லாயம் இல்லை, கடிவாளம் இல்லை, கொள்ளு வைக்க ஆளும் இல்லை. தாகம் எடுத்தால் குளம்பால் மணலைத் தோண்டி, ஊறும் நல்ல தண்ணீரைக் குடிக்கும்.

ஓர் ஆண் குதிரை, சில பெண் குதிரைகள், குட்டிகள். இதுதான் ஒரு கூட்டம். பொதுவாக, குதிரைக் கூட்டங்கள் மேய்ச்சல் நிலத்துக்கு எல்லை வகுத்துக் காவல் காப்பதில்லை. ஆனால் இத்தீவில் ஓர் அதிசயம்! டேனியல் ரூபன்ஸ்டீன் என்ற விஞ்ஞானி 1981-ல் வெளியிட்ட ஆய்வில், சில ஆண் குதிரைகள் 'இது என் இடம்' என்று எல்லையைக் காத்ததாகக் கூறினார். காரணம், நில அமைப்பு. அந்தப் பகுதி குறுகலான வெட்டவெளி. இரு பக்கமும் தண்ணீர். யார் வந்தாலும் தொலைவிலேயே தெரிந்துவிடும். புதர்கள் மண்டிய பகுதியில் அப்படிக் காவல் காக்க முடியுமா?

சிறிய தீவில் குதிரைகள் பெருகினால் புல் தீர்ந்துவிடும். எனவே 2000-ஆம் ஆண்டு முதல், குட்டி பிறக்காமல் தடுக்கும் மருந்தை, துப்பாக்கியால் எய்யும் ஊசி மூலம் பெண் குதிரைகளுக்குச் செலுத்தினார்கள். எதிர்பாராத ஒன்று நடந்தது. வழக்கமாக ஒரே கூட்டத்தில் நிலைத்திருக்கும் பெண் குதிரைகள், ஊசி போட்ட பின் அடிக்கடி கூட்டம் மாறத் தொடங்கின!

இதனால் என்ன? கசாண்ட்ரா நூனெஸ் என்ற பெண் விஞ்ஞானியும் குழுவினரும் குதிரைச் சாணத்தைச் சேகரித்துச் சோதித்தார்கள். உடல் பதற்றப்படும்போது கார்ட்டிசால் என்ற சுரப்பு கூடும். அதைச் சாணத்திலேயே அளந்துவிடலாம். கூட்டம் மாறிய குதிரைகளிடம் அது அதிகமாக இருந்தது.

ஊசி போடாவிட்டால் புல் தீரும். போட்டால் கூட்டம் கலையும். இரண்டையும் சமாளிப்பது எப்படி? குதிரைகள் எத்தனை என்று எண்ணினால் மட்டும் போதாது. எந்தக் குதிரைக்கு எது துணை என்பதையும் கவனிக்க வேண்டும்.

உங்கள் வகுப்புக்குப் புதிதாக யாராவது வந்தால், பக்கத்தில் இடம் கொடுப்பீர்கள்தானே?