அடுப்பு அப்புறம், புகைபோக்கி முதலில்

பருத்திப்பட்டில் உட்கார்ந்துகொண்டு கணப்பு அடுப்பைப் பற்றி எழுதுகிறானே என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். இங்கே மார்கழி அதிகாலையில் 20 டிகிரியைத் தொட்டாலே ஏரிக்கரைப் பூங்காவில் நடக்க வருகிறவர்கள் குரங்குக் குல்லாவும் மஃப்ளருமாகத்தான் தென்படுவார்கள். ஆனால் எங்கள் ஆவடி வட்டாரத்தின் ஜாதகம் வேறு. டேங்க் தொழிற்சாலை, ராணுவ உடைத் தொழிற்சாலை, விமானப்படைத் தளம், சி.ஆர்.பி.எஃப். முகாம் என்று சுற்றிலும் இருப்பதால், பனியில் காவல் நின்ற முன்னாள் படைவீரர் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். பிள்ளையைக் கனடாவுக்கு அனுப்பிவிட்டு ராத்திரி பத்தரை மணி வாட்ஸ்அப் அழைப்புக்காகக் கண் விழித்திருக்கும் பெற்றோர் அதைவிட அதிகம். நான் இரண்டு கணக்கிலும் வருகிறேன். ராணுவத்தின் மெட்ராஸ் சாப்பர்ஸ் பொறியாளர் படையில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். மகளும் மருமகனும் இருப்பது கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில்.

அந்த மாகாணத்தின் தென்பாதி பெரும்பாலும் புல்வெளிச் சமவெளி. பிரெய்ரி என்பார்கள். மலையும் இல்லை, கடலும் இல்லை. வடதுருவக் காற்றைத் தடுக்க எதுவுமே இல்லை. ஜனவரியில் மைனஸ் 20 என்பது சாதாரண ராத்திரி. சில நாள் மைனஸ் 40 வரை இறங்கும். செல்சியஸ், ஃபாரன்ஹீட் இரண்டு அளவும் ஒன்றாகிவிடும் இடம் அது. எதில் சொன்னாலும் குளிர் குறையாது. சஸ்கடூன் நகரத்துக்குக் கிழக்கே ஒரு மணி நேரத் தொலைவில் இவர்கள் ஒரு பழைய பண்ணை வீட்டை வாங்கினார்கள். அங்கே வீட்டைச் சூடாக்குவது எரிவாயு ஃபர்னஸ். எரிவது எரிவாயுதான் என்றாலும், சூட்டை அறைகளுக்குத் தள்ளும் விசிறி மின்சாரத்தில் ஓடுகிறது. பனிப்புயலில் கம்பி அறுந்தால் எரிவாயு இருந்தும் வீடு குளிர்ந்துபோகும். உள்ளே 20, வெளியே மைனஸ் 40 என்றால் சுவரின் இரண்டு பக்கத்துக்கும் 60 டிகிரி வித்தியாசம். அந்த வீடு ரொம்ப நேரம் தாங்காது. முதலில் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்கும்.

“மாமா, ஒரு விறகு அடுப்பு வைக்கலாம்னு இருக்கோம். நீங்க காஷ்மீர்ல பார்த்திருப்பீங்களே, எந்த மாடல் நல்லது?” என்று மருமகன் கேட்டார். “மாடல் அப்புறம் பார்க்கலாம் மாப்பிள்ளை. புகை எந்த வழியா மேல போகப்போவுது, அதை முதல்ல சொல்லுங்க” என்றேன்.

லடாக்கிலும் காஷ்மீரிலும் இருந்தவர்களுக்கு புகாரி தெரிந்திருக்கும். தகரத்தில் ஓர் உருளை, அதன் தலையிலிருந்து கூரைக்கு வெளியே போகும் ஒரு குழாய். அவ்வளவுதான். ஊர்க்காரர்கள் விறகோ சாணியோ போடுவார்கள். நாங்கள் மண்ணெண்ணெய் சொட்டும் புகாரியும் வைத்திருந்தோம். லடாக்கின் திராஸில் ஒரே மாதிரி இரண்டு புகாரி பக்கத்துப் பக்கத்துக் கூடாரங்களில் இருக்கும். ஒன்று கணகணவென்று எரியும், மற்றது கண்ணைக் கரிக்கும். உருளையில் ஒரு வித்தியாசமும் இருக்காது. குழாயின் உயரம், வளைவு, அது காற்றுக்கு எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருந்தது. சூடான புகை இலேசானது, மேலே ஏறும். ஏறும்போது கீழே ஓர் இழுவை உண்டாகும். அந்த இழுவைதான் அடுப்புக்குள் காற்றைக் கொண்டுவருகிறது. கனடாவில் மூவாயிரம் டாலர் கொடுத்து வாங்கும் அடுப்புக்கும் இதே விதிதான்.

இழுவை கெடாமல் இருக்கப் புகைபோக்கி சூடாக இருக்க வேண்டும். ஆகவே அது வீட்டின் நடுவில், அறைகளின் வழியாக நேராக ஏறிக் கூரையைத் துளைத்து வெளியேறுவதுதான் உத்தமம். செலவையும் இடத்தையும் மிச்சம்பிடிக்க வெளிச்சுவரை ஒட்டி ஏற்றுகிறவர்கள் உண்டு. மைனஸ் 30இல் அந்தக் குழாய் முழுக்கக் குளிர்காற்று குத்த வைத்திருக்கும். நெருப்பு மூட்டியதும் புகை மேலே போகாமல் கூடத்துக்கு வரும். அதைவிட மோசம், தரைக்கு அடியில் உள்ள நிலவறையில் அடுப்பை வைத்து வெளிச்சுவரில் புகைபோக்கி விடுவது. குளிர்நாடுகளில் சூடேறிய வீடே ஒரு புகைபோக்கி மாதிரிதான் வேலை செய்கிறது. சூடான காற்று மாடி வழியாகக் கசிந்து போக, கீழ்த்தளம் எங்கிருந்தாவது காற்றை உறிஞ்சும். அந்த நேரம் பார்த்துச் சமையலறை எக்ஸாஸ்ட் விசிறியையும் துணி உலர்த்தும் இயந்திரத்தையும் போட்டுவிட்டால், வீடு புகைபோக்கி வழியாகவே மூச்சிழுக்கத் தொடங்கும். மருமகன் முதலில் சொன்ன இடம் நிலவறைதான். கூடத்துக்கு மாற்றச் சொன்னேன்.

உயரத்துக்கு அங்கே ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி மேலே நிற்க வேண்டும். 10 அடி தூரத்துக்குள் கூரை முகடோ வேறு எதுவோ இருந்தால் அதைவிடவும் 2 அடி உயர்ந்திருக்க வேண்டும். அறையின் உட்கூரையிலிருந்து மேலே இரட்டைச் சுவர் துருப்பிடிக்காத எஃகுக் குழாய், 650 டிகிரி செல்சியஸ் ரகம். உள்ளே அடுப்பிலிருந்து மேலே போகும் குழாயில் வளைவு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ஒவ்வொரு இணைப்பிலும் மூன்று திருகாணி. குழாயின் சுருக்கிய முனை கீழே, அடுப்பைப் பார்த்து இருக்க வேண்டும். இதை மட்டும் வீடியோவில் நானே நின்று பார்த்தேன். “புகை மேலதானே போகுது, சுருக்கின முனை மேல இருந்தாத்தானேப்பா கசியாது?” என்று மகள் கேட்டாள். புகை மேலே போகும், ஆனால் தார் கீழே வழியும். முனை மேலே பார்த்திருந்தால் அந்தக் கறுப்புச் சாறு ஒவ்வொரு இணைப்பிலும் வெளியே ஒழுகி, அடுப்பின் மேல் விழுந்து பொசுங்கும். கீழே பார்த்திருந்தால் உள்ளுக்குள்ளேயே வழிந்து நெருப்பில் விழுந்து எரிந்துபோகும்.

அந்தத் தாருக்குக் கிரியோசோட் என்று பெயர். அரைகுறையாக எரிந்த புகை குளிர்ந்த குழாய்ச் சுவரில் படிந்து உண்டாவது. நாளடைவில் பளபளவென்று இறுகி ஓடாகும். என்றோ ஒருநாள் பெரிய நெருப்பு மூட்டும்போது அந்த ஓடே பற்றிக்கொள்ளும். புகைபோக்கித் தீ 1,000 டிகிரியைத் தாண்டும். ரயில் வருகிற மாதிரி சத்தம் கேட்கும் என்பார்கள். ஆகவே வருடத்துக்கு ஒருமுறையாவது, ஈரவிறகு எரிக்கிறவர்கள் அதற்கு மேலும், தூரிகை விட்டுத் தேய்க்க வேண்டும். நம் நாட்டிலும் 1983இல் மத்திய அரசு மேம்படுத்தப்பட்ட அடுப்புத் திட்டத்தைத் தொடங்கி, 2002 வரை 3 கோடிக்கு மேல் அடுப்புகள் போட்டது. நிறைய வீடுகளில் அவை சீக்கிரமே கைவிடப்பட்டன. புகைபோக்கி அடைத்துக்கொண்டது ஒரு முக்கியக் காரணம். போட்டுக் கொடுத்தவர்கள் அதிகம், பிறகு வந்து துடைத்தவர்கள் யாருமில்லை.

இனி அடுப்பு. எல்லோரும் செய்வது பெரியதாக வாங்குவது. பெரிய அடுப்பில் சூடு தாங்காமல் காற்றை அடைத்து, நெருப்பை அமுக்கி வைப்பார்கள். அமுங்கிய நெருப்புதான் கிரியோசோட்டின் தாய். சூடாக்க வேண்டிய இடத்துக்கு மட்டும் போதுமான அளவு வாங்கி, அதைத் தாராளமாக எரிய விடுவது நல்லது. வகை இரண்டு. புகையின் மேல் சூடான இரண்டாம் காற்றைப் பாய்ச்சி அதை இன்னொரு தடவை எரிப்பது ஒன்று. கார் சைலன்சரில் உள்ளதுபோல வினையூக்கி வைத்து எரிப்பது மற்றொன்று. இரண்டாவது வகையில் நெருப்பு இரவு முழுக்க மெதுவாக நிற்கும், பிரெய்ரி ராத்திரிக்கு ஏற்றது. ஆனால் வினையூக்கிக்கு ஆயுள் உண்டு, மாற்றச் செலவாகும். அமெரிக்காவில் 2020 மே முதல் விற்கும் அடுப்புகள் மணிக்கு 2 கிராமுக்கு மேல் துகள் விடக்கூடாது. 1990இல் அந்த வரம்பு வினையூக்கி இல்லாத அடுப்புக்கு 7.5 கிராமாக இருந்தது. புகையாகப் போயிருக்க வேண்டியது இப்போது உள்ளேயே எரிந்து சூடாகிறது. அதனால்தான் பண்ணை ஏலத்தில் இருநூறு டாலருக்குக் கிடைத்த பழைய இரும்பு அடுப்பை மருமகனுக்கு வேண்டாம் என்றேன். சான்றுத் தகடு இல்லாத அடுப்பை எரியக்கூடிய சுவரிலிருந்து 1,200 மில்லிமீட்டர், அதாவது 4 அடி தள்ளி வைக்க வேண்டும். பாதிக் கூடம் அதற்கே போய்விடும். சான்று பெற்றதற்குத் தகட்டில் எழுதியிருக்கும் தூரம் போதும், பெரும்பாலும் அது இதில் கால்வாசிதான். தரையில் எரியாத பலகை. கதவுக்கு முன்னால் 450, மற்றப் பக்கங்களில் 200 மில்லிமீட்டர்.

அடுப்பு வைக்குமுன் உள்ளூராட்சியின் அனுமதி, வெட் எனப்படும் பயிற்சிச் சான்று பெற்றவரின் ஆய்வறிக்கை, காப்பீட்டு நிறுவனத்துக்கு முன்கூட்டியே கடிதம். இந்த மூன்றையும் விட்டுவிட்டால் வீடு எரிந்தபின் ஒரு டாலர் கிடைப்பதும் சந்தேகம்.

விறகு விஷயத்தில்தான் எனக்கு ஆர்வம் அதிகம். நம் ஊர் விறகுத்தொட்டியில் சவுக்கும் கருவேலமும் எடை போட்டு விற்பார்கள், ஆகவே ஈர விறகு விற்றால் கடைக்காரருக்கு லாபம். அங்கே விற்பது கன அளவில். 4 அடி அகலம், 4 அடி உயரம், 8 அடி நீளம் அடுக்கினால் ஒரு கார்டு, 128 கன அடி. அங்கே ஏமாற்றுவது, இடைவெளி விட்டு அடுக்குவதில். பிரெய்ரியில் அதிகம் கிடைப்பது ஆஸ்பென் மரம். ஊர்க்காரர்கள் பாப்ளர் என்கிறார்கள். இலேசான மரம், சீக்கிரம் எரிந்துவிடும் என்று குறை சொல்வார்கள். உலர்ந்த மரத்தில் கிலோவுக்குக் கிடைக்கும் சூடு எந்த மரமானாலும் ஏறக்குறைய ஒன்றுதான். பாப்ளரை அடிக்கடி போட வேண்டும், அவ்வளவே. கெடுதல் செய்வது ஈரம். வெட்டிய புதிதில் மரத்தின் எடையில் பாதி வரை தண்ணீர் இருக்கும். பிளந்து, மேலே மட்டும் மூடி, பக்கம் திறந்து, ஒரு கோடை முழுக்கக் காயவிட்டு 20 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும். ஈரமானி என்று ஒரு சிறு கருவி இருக்கிறது. உறைந்த கட்டையில் குத்தினால் அது பொய் சொல்லும், குறைவாகவே காட்டும். ஒரு கட்டையை உள்ளே கொண்டுவந்து, உறைவு தெளிந்தபின் புதிதாகப் பிளந்து, உள்முகத்தில் குத்திப் பார்க்க வேண்டும். கருவி இல்லாதவர் இரண்டு கட்டைகளை மோதட்டும். காய்ந்தது கணீரென்கும், ஈரமானது பொத்தென்கும்.

1874இல் ரஷ்யப் பேரரசிலிருந்து பக்கத்து மாகாணமான மனிடோபாவுக்கு வந்து குடியேறிய மெனோனைட்டுகளுக்கு மரமே கிடைக்காத இடங்கள் வாய்த்தன. அவர்கள் வீட்டின் நடுவில் செங்கல்லால் பெரிய அடுப்பு கட்டி, வைக்கோலும் காய்ந்த சாணக் கட்டிகளும் எரித்தார்கள். மைனஸ் 40இல் வரட்டி! செங்கல் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாக விட்டதாம். இதை மகளிடம் சொன்னபோது, “இங்க மாடு வளர்க்கச் சொல்லிடாதீங்கப்பா” என்றாள்.

எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் கார்பன் மோனாக்சைடு ஒன்று இருக்கிறது. நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும். எங்கள் கூடாரத்தில் படுப்பதற்கு முன் புகாரியை அணைக்காமல் தூங்கக் கூடாது என்பது சுபேதாரின் கட்டளை. குளிரில் எழுந்து அணைக்கிறவனைத் திட்டாதவர்கள் இல்லை, அணைக்காமல் விட்டவர்களும் இல்லை. 2021 வாக்கில் டி.ஆர்.டி.ஓ. புகாரிக்கு மாற்றாக ஹிம் தாபக் என்ற சூடேற்றியைப் படைகளுக்கு அறிமுகப்படுத்தியபோதும், இந்த வாயுச் சாவுகளைத் தடுப்பதே அதன் முக்கிய நோக்கமாகச் சொல்லப்பட்டது. கனடா அடுப்புக்கு நான் போட்ட கடைசி நிபந்தனை, படுக்கையறை வாசலில் பேட்டரியில் ஓடும் மோனாக்சைடு அலாரம். சாம்பலை மூடியுள்ள உலோக வாளியில் அள்ளி வெளியே வைக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன். அதில் கங்கு நாள்கணக்கில் உயிரோடு இருக்கும்.

இதைப் படிக்கிறவர்களில் கனடாவில் அடுப்பு வைக்கப்போகிறவர்கள் சிலர்தான். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் டிசம்பரில் போகிறவர்கள் ஏராளம். விடுதி அறையில் குளிர் தாங்காமல் கரி அடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு உயிர்விட்டவர்கள் செய்தி நம் பத்திரிகைகளில் அவ்வப்போது வருகிறது. கரி புகைவதில்லை என்பதால்தான் அது ஆபத்து. புகைபோக்கி இல்லாத எந்த நெருப்பையும் படுக்கும் அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். இன்னொரு கம்பளி கேட்டு வாங்குங்கள். பிள்ளைகள் குளிர்நாட்டில் இருந்தால் அடுத்த அழைப்பில் அலாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்கிறது என்பார்கள். அதன் பின்பக்கம் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும், அதைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.