நினைவு ஓட்டமும் துக்கத்தின் ஊழியமும்

மறைந்த பிள்ளையின் நினைவாக நெடுந்தொலைவு ஓடி, அதன்வழி அறப்பணிக்குப் பொருள் திரட்டும் வழக்கம் இன்று பல நாடுகளில் பரவியுள்ளது. 1981-இல் தொடங்கிய இலண்டன் மாரத்தானிலும் 2004-இல் தொடங்கிய மும்பை மாரத்தானிலும் ஓடுவோர் பலர், தமக்குத் தெரிந்தவர்களிடம் நன்கொடை பெற்றுத் தொண்டு நிறுவனங்களுக்கு அளிக்கின்றனர். பிள்ளையை இழந்த தகப்பன் ஒருவர் இவ்விருப்பத்தோடு நம்மிடம் வந்தால், ஆயர் என்ற முறையில் நாம் என்ன சொல்வோம்?

இவ்வழக்கம் பரவ வழிவகுத்தவர்களுள் கனடா நாட்டு இளைஞர் டெர்ரி ஃபாக்ஸ் ஒருவர். 1977-இல் எலும்புப் புற்றுநோயால் வலக்காலை இழந்த அவர், மருத்துவமனையில் தம்மோடு துன்புற்ற சிறுபிள்ளைகளை மறக்க இயலாமல், 1980-இல் செயற்கைக் காலுடன் 143 நாட்கள், 5,373 கிலோமீட்டர் ஓடினார். நோய் நுரையீரலுக்குப் பரவவே ஓட்டம் நின்றது. 1981 ஜூனில், 22-ஆம் வயதில், அவர் மறைந்தார். அவருடைய தாயார் பெட்டி ஃபாக்ஸ் 2011-இல் தாம் மறையும்வரை அப்பணியைத் தொடர்ந்தார். அவர் பெயரால் நடைபெறும் ஓட்டத்தில் போட்டியும் பரிசும் இல்லை. சென்னை ஐ.ஐ.டி. வளாகத்திலும் அது நடைபெற்றுள்ளது.

நம் நாட்டிலும் இதற்கு நெருங்கிய சான்று உண்டு. புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, புற்றுநோயால் மறைந்த தம் தங்கையின் நினைவு உள்ளத்தை உறுத்த, பல்லாண்டு உழைத்து 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை உருவாக்கினார். அது 12 படுக்கைகளோடு தொடங்கியது. தங்கையைக் காக்க இயலாத அன்பு, முன்பின் அறியாதோரைக் காக்க முற்பட்டது.

திருமறை இங்கு நமக்குத் தெளிவு தருகிறது. குழந்தை உயிரோடிருக்கும்வரை உபவாசித்த தாவீது, அது இறந்தபின் எழுந்து உண்டான், தான் அதனிடம் போவதேயன்றி, அது தன்னிடம் திரும்பி வராது என்று அறிந்தான் (2 சாமு. 12:22, 23). ஆகவே நாம் ஓடுவது மறைந்தவருக்குப் புண்ணியம் தேடித் தருவதற்கன்று. பிள்ளை கர்த்தருடைய கரத்தில் இருக்கிறது. காப்பாற்றத் தவறினோம் என்னும் குற்றவுணர்வுக்கு உடலை வருத்திச் செலுத்தும் தண்டமும் அன்று. அதே தாவீது அப்சலோமுக்காகக் கதறியழுததையும் நாம் மறக்கலாகாது (2 சாமு. 18:33). ஓட்டம் அழுகைக்கு மாற்றாகாது; அழுகைக்கு இடமளித்த பின்னரே அது அன்பின் செயலாகும்.

எல்லாரும் ஓட வேண்டுமென்பதும் இல்லை. பாக் நீரிணைக் கரையிலுள்ள கோட்டைப்பட்டினத்தில் கடல்தொழில் செய்யும் தகப்பனுக்கு, உடலை வருத்துவது அன்றாட வாழ்வு. மாரத்தான் அவருக்கு அந்நியமானது. அவருடைய நினைவுக்கடன், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மருத்துவச் செலவில் ஒரு பங்கைத் தாங்குவதாயிருக்கலாம். அப்பிள்ளை எச்சமயத்தைச் சேர்ந்தது என்று அன்பு கேட்பதில்லை.

எனவே ஆயர் செய்யவேண்டியவை மூன்று: முதலில் உடனிருந்து அழுதல், அடுத்து, திரட்டிய பணத்துக்குச் சபையார் முன் கணக்குக் காட்டச் செய்தல், இறுதியாக, ஓட்டம் முடிந்த மறுவாரமும் அவ்வீட்டிற்குச் செல்லுதல். கூட்டம் கலைந்தபின் அவ்வீட்டில் மிஞ்சும் மௌனத்தில்தான் நம் ஊழியம் மிகுதியாகத் தேவைப்படுகிறது.